வெளிநாட்டில் வாடகை மோட்டார்ஹோம் பழுதாகி நின்றால் என்ன செய்வது?

மோட்டார்ஹோம் என்பது ஒரு வண்டியும் ஒரு வீடும் சேர்ந்தது. இரண்டில் எது பழுதாகியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பதற்றம் பெருமளவு குறைந்துவிடும். ஆனால் ஓடும் சாலையில் நின்றுபோனால், முதலில் கவனிக்க வேண்டியது ஆட்களைத்தான்.

படி 1: ஆட்களை வெளியேற்றுங்கள்

வண்டியை முடிந்தவரை ஓரம் ஒதுக்கி, நான்கு மூலை விளக்குகளையும் ஒளிரவிடுங்கள். ஒளிரும் மேலங்கியை அணிந்த பிறகே இறங்குங்கள். பிரான்சில் அது ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். வாகனங்கள் ஓடாத பக்கமாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நில்லுங்கள். ஐரோப்பியப் பெருநிலத்துக்காகக் கட்டப்பட்ட வண்டிகளில் வீட்டுக் கதவு பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும். அதே வண்டியைப் பிரிட்டனில் ஓட்டினால் அந்தக் கதவு போக்குவரத்துக்குள்ளேயே திறக்கும். குழந்தைகளை அந்த வழியாக இறக்கவே கூடாது.

எச்சரிக்கை முக்கோணத்துக்கான விதி நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் வைத்தே ஆக வேண்டும். பிரிட்டனின் மோட்டார்வே எனப்படும் விரைவுச் சாலைகளில் வைக்கவே கூடாது. வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதே இதைக் கேட்டு வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111.

படி 2: இருக்கும் இடத்தைக் குறியுங்கள்

சாலை எண், எந்த ஊரை நோக்கிப் போகிறீர்கள், அருகிலுள்ள கிலோமீட்டர் கல், கைபேசி வரைபடம் காட்டும் ஆயத்தொலைவு ஆகிய நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். கைபேசிக்குச் சிக்னல் இல்லையா? ஜெர்மனியின் விரைவுச் சாலையான ஆட்டோபானில் சாலையோரக் குட்டைத் தூண்களில் உள்ள அம்புக்குறி, அருகிலுள்ள அவசரத் தொலைபேசி எந்தப் பக்கம் என்று காட்டும். பிரான்சின் நெடுஞ்சாலைகளில் ஆரஞ்சு நிறத் தொலைபேசிப் பெட்டிகள் உண்டு. அங்கே அனுமதி பெற்ற மீட்பு வண்டிதான் உங்களை இழுத்துச் செல்ல முடியும். வேறு யாரையும் வரவழைக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 3: மெக்கானிக்குக்கு முன் வாடகை நிறுவனம்

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். யாரோ ஒருவர் உதவ முன்வந்து பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, ஒப்பந்தத்தில் உள்ள சாலையோர உதவி எண்ணை அழையுங்கள். அனுமதி இல்லாமல் செய்த பழுதுபார்ப்புக்கான செலவு உங்கள் தலையிலேயே விழக்கூடும். தடைசெய்யப்பட்ட மண் சாலையில் போயிருந்தாலும் அப்படித்தான்.

பேசும்போது வண்டியின் நீளம், உயரம், எடை மூன்றையும் சொல்லுங்கள். சாதாரணக் கார்களை ஏற்றும் மீட்பு வண்டியால் 3.5 டன் மோட்டார்ஹோமைத் தூக்க முடியாமல் போகலாம். தவறான வண்டி வந்தால் காத்திருப்பு இரட்டிப்பாகும். புகார் எண்ணையும் பேசியவர் பெயரையும் கேளுங்கள். செலவுக்கு ஒப்புதல் தந்தால் அதைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பச் சொல்லுங்கள். மொழி தடுமாறினால், டேஷ்போர்டு விளக்கையும் எஞ்சின் சத்தத்தையும் வீடியோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.

படி 4: பழுது வண்டியிலா, வீட்டிலா?

பாதுகாப்பான இடத்தில் நிற்கும்போது மட்டும் இதைப் பாருங்கள். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் எஞ்சினை அணையுங்கள். மஞ்சள் விளக்கு என்றால் பொதுவாக மெதுவாக ஓட்டிப் போகலாம்.

உள்ளே விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, சாவியைத் திருப்பினால் மட்டும் சத்தமே இல்லை என்றால், எஞ்சின் பேட்டரி இறங்கியிருக்கலாம். வீட்டுக்கான பேட்டரி தனி. ஃபியூஸ் பெட்டிகளும் தனித்தனி. புதிய டீசல் வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் ஆட்புளூ திரவம் முழுவதும் தீர்ந்துவிட்டால், அணைத்த எஞ்சின் மறுபடி கிளம்பாது. அதை ஊற்ற வேண்டியது பெரும்பாலும் நீல மூடியுள்ள தனித் தொட்டியில். டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடக்கூடக் கூடாது.

வண்டிக்கு அடியில் தண்ணீர் ஒழுகுகிறதா? குளிர் இரவாக இருந்தால், அது கொதிகலன் உறையாமலிருக்கத் தானாகத் திறந்துகொள்ளும் வால்வாக இருக்கலாம். பல வண்டிகளில் அது சுமார் 3 டிகிரி செல்சியஸில் திறக்கும். உட்பகுதி சூடான பிறகு கையால்தான் மூட வேண்டும். உறைபனியில் ஹீட்டர் நின்றுபோனால் சிலிண்டரில் இருப்பது பியூட்டேனா என்று பாருங்கள்: 0 டிகிரிக்குக் கீழே பியூட்டேன் ஆவியாகாது, புரொப்பேன் தாங்கும். கேஸ் வாடை வந்தால் மட்டும் எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். சிலிண்டரை மூடி, எந்த ஸ்விட்ச்சையும் தொடாமல் வெளியேறுங்கள்.

படி 5: இழந்த நாட்களுக்குக் கணக்கு

பழுதானதும் தெரிவிக்காமல், வண்டியைத் திருப்பித் தரும் நாளில் முறையிட்டால் இழப்பீடு கிடைப்பது கடினம். நேரம் குறித்த படங்கள், தங்கும் செலவு, டாக்சி ரசீதுகள் எல்லாவற்றையும் அன்றன்றே நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மாற்று வண்டி தந்தால், பழைய வண்டியின் கிலோமீட்டர் அளவையும் எரிபொருள் முள்ளையும் படமெடுத்து, ஒப்படைத்த நேரத்தை எழுத்தில் வாங்குங்கள். புதிய வண்டியில் ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படிவத்தில் குறித்த பிறகே கையெழுத்திடுங்கள்.