நொடிக்கு ஒருமுறை அலையடித்த ஜி

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் ஒத்திகை அறைக்கு, எல்லா வாத்திய ஒலிகளையும் கலக்கும் மிக்சர் வந்ததிலிருந்து ஸ்பீக்கரில் என் பேஸ் கிட்டாரோடு சேர்ந்து 'உம்ம்' என்று ஓர் இரைச்சல். நான்கு நாள் வீண். அதே வாரம் வாங்கிய, ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரஸர் பெடல்மேல் பழி விழுந்தது. அதைக் கழற்றியும் போகவில்லை. அடாப்டர் மாற்றினேன், கேபிள் மாற்றினேன், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இருக்கும் குழிக்குள் செம்புத் தாள்கூட ஒட்டினேன். ம்ஹூம்.

அப்புறம்தான் கவனித்தேன். ஈ தந்தியின் 3-ஆம் பிரெட்டில் (கழுத்திலுள்ள உலோகக் கட்டு) ஜி ஸ்வரத்தை வாசித்து நிறுத்திப் பிடித்தால், ஒலி நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கியது. அந்த ஜி 49 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 49 அதிர்வு. இங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அந்த 1 ஹெர்ட்ஸ் வித்தியாசம்தான் அலை. ஆக, உறுமுவது கரண்ட். பேஸின் வால்யூமைப் பூஜ்ஜியமாக்கியும் அது குறையவில்லை, எனவே பிக்கப்பும் குற்றவாளி இல்லை.

பேஸ் ஆம்பிலிருந்து (ஒலிபெருக்கி) மிக்சருக்கு நேராக ஒலியைக் கொண்டுபோகும் டி.ஐ. கேபிளைப் பிடுங்கினேன். சட்டென்று அமைதி. ஆம்பும் மிக்சரும் வெவ்வேறு சுவர் பிளக்கில். இரண்டு எர்த்துக்கும் நடுவே அந்தக் கேபிள் ஒரு வளையம் போட்டிருந்தது; அதன் வழியேதான் கரண்டின் உறுமல் ஒலிக்குள் புகுந்தது. கேபிளைத் திரும்பச் செருகி, ஆம்பின் பின்புறம், அந்தக் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் 'கிரவுண்ட் லிஃப்ட்' பொத்தானை அமுக்கினேன். தீர்ந்தது.

டிரம்ஸ் வாசிக்கும் தம்பி பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிடலாம் என்றான். 230 வோல்ட்டோடு அந்த விளையாட்டு வேண்டாம்.