புது சிக்லிட் விடும் முன் கல்லைக் கலையுங்கள்
ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளுக்கிடையே வாழும் ம்புனா வகை சிக்லிட் மீன்கள் உள்ள தொட்டியில் புது மீன் விடுவதற்கு முன், உள்ளே இருக்கும் கற்களை இடம் மாற்றி அடுக்குங்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு மீனை விடுங்கள். ம்புனா ஆண்கள் காப்பது ஒரு பாறைப் பொந்தையும் அதைச் சுற்றிய இடத்தையும்தான். அந்த அடையாளம் கலைந்துவிட்டால் பழைய மீன்களும் புதிதாக இடம் பிடிக்க வேண்டும். வந்த மீனை மட்டும் குறிவைத்துத் துரத்துவது குறையும். கற்களை மணல்மேல் வைக்காமல் தொட்டியின் அடிவரை ஊன்றுங்கள், தோண்டிச் சரித்துவிடும் இனம் இது.

வாயில் முட்டை சுமக்கும் பெண் மீன் இருந்தால் இப்போது கற்களைக் கலைக்க வேண்டாம், பதற்றத்தில் துப்பிவிடலாம். ஆரட்டஸ் என்ற ம்புனா இனத்தின் ஆண் போன்ற முரடனிடமும் சின்னத் தொட்டியிலும் இந்த உத்தியின் பலன் ரொம்ப நாள் தாங்காது.