'விண்டோ'வுக்குள் ஒரு கண்: ஆங்கிலக் கூட்டுச்சொல்லின் பூர்வீகம் தேடுவது எப்படி?

இரண்டு சொற்கள் ஒட்டிப் பிறந்து, காலப்போக்கில் தையல் தெரியாமல் போன சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம். சன்னலைக் குறிக்கும் 'விண்டோ'வும் அப்படித்தான். அதை வைத்தே பழகுவோம். ஒரு சொற்பிறப்பு அகராதி போதும். எட்டிம்ஆன்லைன் தளத்தை இலவசமாகப் பார்க்கலாம்.

படி 1: இன்றைய ஒலியை வைத்துப் பிரிக்காதீர்கள். 'விண்ட்' என்றால் காற்று, சரி. மிச்சமிருக்கும் 'ஓ' என்ன? ஊகிக்க வேண்டாம், அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: பழைய எழுத்து வடிவத்தைத் தேடுங்கள். 13ஆம் நூற்றாண்டில் இது 'விண்டோகெ' என்பது போல எழுதப்பட்டது. பின்னால் தேய்ந்துபோன அந்தக் ககரம்தான் நமக்குத் துப்பு.

படி 3: மூலமொழியைப் பாருங்கள். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைகிங் கடலோடிகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் 'விண்டௌகா'. 'விண்டர்' காற்று, 'ஔகா' கண். காற்றின் கண்! கண்ணாடி பதிக்காத வெறும் திறப்பாக இருந்த காலத்துப் பெயர்.

படி 4: சொல் வந்த வழி வரலாற்றில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். 865இல் வைகிங்குகளின் பெரும்படை இங்கிலாந்தில் இறங்கியது. அப்புறம் வடக்கிலும் கிழக்கிலும் பலர் குடியேறினார்கள். வழி பொருந்துகிறது.

படி 5: வந்த சொல் யாருடைய இடத்தைப் பிடித்தது? எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். பழைய ஆங்கிலத்தில் சன்னலுக்கு இருந்த ஒரு பெயரின் பொருள் 'கண்துளை'. அதில் துளையைக் குறித்த சொல் 'தியூரெல்'. கண்துளை வழக்கொழிந்துவிட்டது, ஆனால் அந்தத் 'தியூரெல்' முழுதாகச் சாகவில்லை. மூக்குத்துவாரத்தைச் சொல்லும் 'நாஸ்ட்ரில்' என்ற சொல்லின் பின்பாதி அதுவேதான். ஆயிரம் ஆண்டுப் பழைய சொல் ஒவ்வொருவர் முகத்திலும் உட்கார்ந்திருக்கிறது.

படி 6: பொருள் ஒத்துப்போனாலே உறவு என்று முடிவுகட்டாதீர்கள். தமிழில் சன்னலுக்குக் 'காலதர்' என்று பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் 'மான்கண் காலதர்' என்கிறது. காற்றும் இருக்கிறது, கண்ணும் இருக்கிறது. படிக்கும்போது சிலிர்க்கும். ஆனாலும் இரண்டும் தனித்தனியே பிறந்தவை. ஒலிமாற்றத்துக்கும் மக்கள் தொடர்புக்கும் தடம் கிடைத்தால்தான் உறவு. 'சன்னல்' போர்ச்சுகீசிய 'ஜனேலா'விலிருந்து வந்தது என்று சொல்ல அந்தத் தடம் இருக்கிறது.

பயிற்சிக்கு 'டெய்சி' பூவின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளும் ஒரு கண் இருக்கிறது. யாருடைய கண் என்று கண்டுபிடியுங்கள்.