எல்லாமே வரம்புக்குள், ஆனாலும் ஆபத்து: பசைப் பிரிவில் நடக்கும் கணக்குத் தவறுகள்

காலணித் தொழிற்சாலையின் பசைப் பிரிவில் காற்றைச் சோதித்தால் இப்படி ஓர் அறிக்கை வரலாம்: டொலுவீன் 45 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 45 பங்கு), சைலீன் 40, எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) 50. மூன்றும் பசையிலிருந்து ஆவியாகும் கரைப்பான்கள். 2025 வரை அமலில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எட்டு மணி நேர வரம்பு முறையே 100, 100, 200 என்று இருந்தது. மூன்றுக்கும் ‘வரம்புக்குள்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். மூன்றுமே மூளையை மந்தமாக்குபவை என்பதால் ஒவ்வொன்றையும் அதனதன் வரம்பால் வகுத்துக் கூட்ட வேண்டும்: 0.45 + 0.40 + 0.25 = 1.10. ஒன்றைத் தாண்டினாலே வரம்பு மீறியதாகத்தான் கொள்ள வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றால் நிலைமை இன்னும் மோசம். வழக்கமான திருத்தக் கணக்குப்படி வரம்பு பாதியாகிவிடும், கூட்டுத்தொகை 2.20 ஆகும்.

வெவ்வேறு உறுப்பைத் தாக்குபவற்றை இப்படிக் கூட்டுவதும் தவறு. டொலுவீனையும் சிலிக்கா தூசியையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

கூட்டல் கணக்கே கைவிடும் இடம் ஹெக்சேன் என்ற இன்னொரு பசைக் கரைப்பான். அது கை, கால் நரம்புகளைக் கெடுக்கும். பாதத்தில் மரத்துப்போவதில் தொடங்கும். எம்.இ.கே. தனியாக அதைச் செய்வதில்லை, ஆனால் ஹெக்சேனின் பாதிப்பைப் பெருக்கிவிடும். 1970களில் மேற்கு பெர்லினில், போதைக்காக முகரப்பட்ட ஒரு தின்னரில் ஹெக்சேனைக் குறைத்து எம்.இ.கே. சேர்த்தார்கள், அதன்பிறகுதான் இளைஞர்களுக்குக் கடுமையான நரம்பு பாதிப்பு வந்தது. ஆகவே இரண்டும் ஒரே கூடத்தில் இருந்தால், கூட்டுத்தொகை 0.6 என்று வந்தாலும் நிம்மதியடைய வேண்டாம். ஹெக்சேனுக்குப் பதில் ஹெப்டேன் என்ற கரைப்பான் உள்ள பசையைக் கேளுங்கள். பசையின் பாதுகாப்புத் தகவல் தாளில் ‘நாப்தா’ (பெட்ரோலியக் கரைப்பான் கலவை) என்று மட்டும் இருந்தால், அதில் என்-ஹெக்சேன் (நரம்பைக் கெடுக்கும் ஹெக்சேன் வகை) எத்தனை சதவீதம் என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அளப்பதிலும் ஓட்டை உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே கரிக்குழாயை (காற்றிலுள்ள ஆவியைப் பிடித்துவைக்கும் கரி நிரப்பிய சிறு குழாய்) மாட்டிவிடுவது வழக்கம். டொலுவீனுக்கு அது போதும், எம்.இ.கே. கரியில் நிலையாக நிற்காது, அறிக்கையில் குறைவாகவே வரும். அதற்கு வேறு உறிஞ்சி வேண்டும் என்று ஆய்வகத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குழாய் இருக்க வேண்டிய இடம் தொழிலாளியின் சட்டைக் காலர், சுவர் அல்ல.

கையுறையிலும் இதே சிக்கல்தான். பியூட்டைல் ரப்பர் எம்.இ.கே.வைத் தடுக்கும், டொலுவீனிடம் தோற்கும், வைட்டான் என்ற ஃபுளோரின் ரப்பர் நேரெதிர். நைட்ரைல் இரண்டுக்குமே சரிவராது. கலவைக்குப் பல அடுக்குப் பிளாஸ்டிக் படலக் கையுறைதான் தாங்கும். தோல் வழியே போவது காற்றுச் சோதனையில் தெரியாது.

டொலுவீன் காதையும் கெடுக்கும். இரைச்சலான இயந்திரத்துக்குப் பக்கத்தில் பசை பூசுகிறவருக்கு, டெசிபல் வரம்புக்குள் இருந்தாலும் ஆண்டுதோறும் செவித்திறன் சோதனை வையுங்கள்.