சுவரில் சுருள் வரைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீசனுக்கு முன்னால் கொடைக்கானலில் ஹோம்ஸ்டே சுவர்களில் ஏதாவது ஒரு சுருள் ஏறிவிடும்: பெரணித் தளிர், சங்கு, இல்லையென்றால் வான்கோ 1889இல் வரைந்த அந்த இரவு வானத்தின் நகல். புதுசாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எங்கள் காலத்துச் சொதப்பல்களையே திரும்பச் செய்கிறார்கள். கோடு நடுங்குவது, பெயிண்ட் வழிவதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், விடுங்கள்.

பைப்பும் நூலும்

இன்னும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். நடுவில் ஒரு பைப் துண்டை வைத்து நூலைச் சுற்றி, நுனியில் பென்சில் கட்டி, நூல் பிரியப் பிரிய வரைந்துகொண்டே போவது. சுலபம்தான், ஆனால் சுற்றுக்குச் சுற்று இடைவெளி மாறவே மாறாது, பைப்பின் சுற்றளவு எவ்வளவோ அவ்வளவுதான். சோலைக்காட்டில் ஒரு மரப்பெரணித் தளிரைப் போய்ப் பாருங்கள், உள்ளே நெருங்கி, வெளியே வர வர விரியும். ஒரு காட்டேஜில் எட்டடிக்குப் பெரணி கேட்டார்கள், எங்கள் பையன் ஒருவன் நூலை வைத்து மொத்தச் சுவரையும் முடித்துவிட்டான், ஓனர் வந்து பார்த்துவிட்டு "என்ன தம்பி, கொசுவர்த்தி விளம்பரமா?" என்றார். அழித்து, ப்ரைமர் அடித்து, இந்த மூடுபனியில் அது காய்வதற்குள் கூலியும் போச்சு, பெயிண்டும் போச்சு. இரண்டாவது தடவைக்கு அவர் காசு தரவில்லை (நியாயம்தான்).

நூலுக்குப் பதிலாக, மையத்திலிருந்து 45 டிகிரிக்கு ஒன்றாக 8 கோடு போடுங்கள். முதல் கோட்டில் 10 செ.மீ. தள்ளிப் புள்ளி என்றால் அடுத்ததில் 11.5, அப்புறம் 13.2, இப்படி 1.15ஆல் பெருக்கிக்கொண்டே போனால் ஒரு சுற்றுக்குத் தூரம் ஏறத்தாழ 3 மடங்காகும். அது அதிகமாக விரிவதாகப் பட்டால் 1.1 போதும், 2 மடங்கு சொச்சம் வரும். கடைசிச் சுற்று சுவருக்குள் அடங்குமா என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள்.

தங்க விகிதம்

நாட்டிலஸ் என்ற கடல்பிராணியின் சுருள் ஓடு தங்க விகிதப்படி, அதாவது 1.618ஆல், வளர்கிறது என்று அடித்துவிடுவார்கள். கால் சுற்றுக்கு 1.618 மடங்காகும் தங்கச் சுருள் ஒரு முழுச் சுற்றில் கிட்டத்தட்ட 6.85 மடங்கு விரியும், நாட்டிலஸ் சுமார் 3 மடங்குதான்.

ஸ்டென்சிலைத் திருப்பிப் போடுவது

திருப்பிப் போட்டால் சங்கின் வாய் பக்கம் மாறிவிடும். கூர்முனை மேலே, வாய் நம்மைப் பார்த்தபடி பிடித்தால் சாதாரணச் சங்குக்கு வாய் வலப்பக்கம், வலம்புரிக்கு இடப்பக்கம். பூஜையறைச் சுவர் என்றால் கட்டாயம் கேட்பார்கள்.

ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் மையம்

வேண்டாம்.

அர்த்தம் சொல்வது

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் 'கோரு' சுருள் பெரணித் தளிரிலிருந்து வந்தது, புது உயிர், வளர்ச்சி என்று அவர்களே சொல்கிறார்கள், அதைத் தாராளமாகச் சொல்லலாம். அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் கல்லறையில் சுமார் 5,000 வருஷத்துக்கு முன் முச்சுருள் செதுக்கியவர்கள் எழுத்து எதையும் விட்டுப்போகவில்லை, அதனால் அதன் அர்த்தம் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதன் கீழே 'முடிவில்லாப் பயணம்' என்று எழுதித் தரச்சொல்லி கஸ்டமர் கேட்டால் எழுதிக்கொடுங்கள், நீங்களாக அவிழ்த்துவிடாதீர்கள்.