சாம்போன்யா ஊத இரண்டு பேர் வேண்டும்

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை இசை கற்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, தனியாக ஆரம்பிக்காதீர்கள் என்பதுதான். தங்கையோ நண்பரோ, கூட ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிட்டிகாக்கா ஏரிக்கரையில், சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பெரூவின் புனோ நகரம். அந்தப் பக்கத்து அய்மாரா, கெச்சுவா மக்கள் ஊதும் சாம்போன்யா என்ற குழல் வாத்தியத்தில் எந்த மெட்டும் ஒருவர் கையில் முழுசாக இருக்காது. அவர்கள் அதைச் சிக்கு என்பார்கள். நாணல் குழாய்களை வரிசையாகக் கட்டியது. 6 குழாய் உள்ள பாதிக்கு இரா என்று பெயர், 7 குழாய் உள்ள பாதிக்கு அர்கா. ஸ்வரங்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டுக்கும் பிரிந்திருக்கும்.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் சுருதியில், மிக நீளமான குழாயை ச என்று வைத்துக்கொண்டால் அர்காவில் ச, க, ப, நி, மேல் ரி, மேல் ம, மேல் த வரும். இராவில் ரி, ம, த, மேல் ச, மேல் க, மேல் ப. ஹரிகாம்போதி பாடியவர்களுக்கு இது உடனே பிடிபட்டுவிடும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே ஆள் ஊதுவதும் உண்டு, மேடைக் குழுக்களில் அது சகஜம். கற்கும்போது வேண்டாம். அப்படிப் பழகினால் அடுத்தவர் மூச்சைக் கேட்கும் காது வராது.

முதல் வாரம் ஒரே ஒரு குழாய் போதும். நடுவில் உள்ளதை எடுங்கள். கீழுதட்டின் ஓரத்தில் குழாயின் விளிம்பைப் பதித்து, காலி பாட்டிலில் ஊதுவதைப் போல எதிர் விளிம்பை நோக்கி ஊதுங்கள். குழாய்க்குள் ஊதக் கூடாது. உதட்டின் இடைவெளி மெல்லிசாக இருக்கட்டும். காற்று வயிற்றிலிருந்து 'து' என்று வெட்டிக்கொண்டு வர வேண்டும். இழுத்து ஊதினால் தலை சுற்றும். சுற்றினால் உடனே நிறுத்தி உட்கார்ந்துவிடுங்கள், பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

பிறகு இருவரும் எதிரெதிரே நின்று மெதுவாக ஆரோகணம் ஊதுங்கள். அர்கா ச, இரா ரி, அர்கா க, இரா ம. உங்கள் ஸ்வரம் முடிந்ததும் எதிராளியின் ஸ்வரம் தொடங்க வேண்டும், நடுவில் ஓட்டை விழக்கூடாது. எண்ணிக்கொண்டு ஊதினால் இது வரவே வராது. அவருடைய தோள் ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஒரு ஸ்வரம் முடியும்போதே அடுத்ததற்கான மூச்சை அவர் எடுத்திருப்பார். கொஞ்ச நாளில் உங்களுக்கும் அந்த மூச்சு தானாக வரும். எனக்கு இந்த இசையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். ஒரு பாட்டு கைவந்த பிறகு இராவையும் அர்காவையும் மாற்றிக்கொள்ளுங்கள். தெரிந்த பாட்டே புதுசாகிவிடும்.

சுருதி இறங்கியிருந்தால் அந்தக் குழாய்க்குள் நாலைந்து அரிசி போட்டுப் பாருங்கள். அடிப்பக்கம் மூடிய குழாய் என்பதால் உள்ளே காற்றுக்கான நீளம் குறைந்து சுருதி ஏறும். ஏறியிருந்தால் ஒரு மணியை எடுத்துவிடுங்கள்.

மலையோடு நிற்காமல் கடற்கரைக்கும் வாருங்கள். பெரூவின் கடலோரத்தில் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் உருவாக்கிய கஹோன், மேலே உட்கார்ந்து அடிக்கும் மரப்பெட்டி. 2001இல் அந்த நாடு அதைத் தன் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. இரண்டு உலகமும் தொடர்பில்லாதவை என்று நினைக்க வேண்டாம். தலைநகர் லிமாவின் குரலாகவே கொண்டாடப்படும் பாடகி சபூக்கா கிராண்டா 1920இல் பிறந்தது ஆண்டீஸ் மலையிலுள்ள கொட்டபம்பாஸில். கடலோரக் கறுப்பின மக்களின் லாந்தோ தாளத்தில் அவர் பாட்டுகள் எழுதினார்.

கஹோன் வாங்கும்போது உள்ளே கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி வைத்தது ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசைக்கானது, பெரூக்காரர்களுடையதில் கம்பி கிடையாது. முன்பலகையில் மேல் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே உள்ளங்கையால் தட்டினால் கனத்த ஒலி, மேல் மூலையில் விரல் நுனியால் தட்டினால் கூர்மையான ஒலி. தொடக்கத்துக்கு இந்த இரண்டே போதும்.

மூன்றாவது ஆள் கிடைத்தால் கஹோனை அவரிடம் கொடுத்து மலைப்பாட்டான வைனோவின் நடையை அடிக்கச் சொல்லுங்கள். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. நீளத்துக்குக் கனத்த ஒலி, குட்டைகளுக்குக் கூர்மை. இராவும் அர்காவும் அதன்மேல் ஏறட்டும். வேகம் கூடினால் கஹோன்காரர்தான் பிடித்து நிறுத்த வேண்டும், ஊதுகிறவர்களுக்கு அப்போது மூச்சு மிச்சம் இருக்காது.