முதன்முறையாகக் கவுன்சிலிங் செல்வோருக்கு: முதல் அழைப்பிலிருந்து மூன்றாவது அமர்வு வரை

கவுன்சிலிங் போகலாமா என்று மாதக்கணக்கில் யோசித்துவிட்டு வருகிறவர்களில் பலர், நாற்காலியில் அமர்ந்ததும் முதலில் சொல்லும் வாக்கியம், "எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல மேடம்" என்பதுதான். ஆலோசகராகப் பணிபுரியும் எனக்கு, அவர்களுடைய தயக்கத்தில் பெரும்பகுதி அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரியாததால் வருவதாகவே படுகிறது. ஆகவே தைரியம் சொல்வதை விட்டுவிட்டு, நடக்கப்போவதை அது நடக்கும் வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன். தமிழ்நாட்டில் உள்ள வசதிகளை மனத்தில் வைத்து எழுதியது இது.

படி 1: யாரிடம் செல்வது என்று முடிவு செய்யுங்கள்

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்பின் மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதித் தருபவர் அவர்தான். மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் செய்பவர். அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கவுன்சிலர் என்று பலகை மாட்டியிருப்பவர்களில் உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை முடித்து, மேற்பார்வையில் பயிற்சி பெற்றவர்களும் உண்டு. சில நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கி வந்தவர்களும் உண்டு. அதனால் படிப்பையும் பதிவு எண்ணையும் கேட்பது மரியாதைக் குறைவாகாது. முறையாகப் படித்தவர் அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்.

பல நாட்களாகத் தூக்கமே இல்லை, யாரோ பேசுவது போல் குரல் கேட்கிறது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது என்ற நிலை இருந்தால், முதலில் மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி. அவர் தைராய்டு, இரத்தசோகை போன்றவற்றுக்கு இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தால் வியக்க வேண்டாம்; தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரும்.

கட்டணம் தடையாக இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு, 1794இல் தொடங்கப்பட்டு இப்போது கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் அரசு மனநலக் காப்பகமும் உண்டு; அதன் பெயரைச் சொன்னாலே கேலி செய்யும் பழக்கத்தைச் சினிமா வளர்த்துவிட்டது, அங்கே தினமும் சாதாரண வேலைகளில் இருப்பவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் காத்திருக்கிறார்கள். நேரில் செல்லும் அளவுக்கு மனம் துணியவில்லை என்றால், 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

படி 2: முதல் அழைப்பைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். முழுக் கதையையும் தொலைபேசியில் சொல்லியாக வேண்டும் என்று நினைத்துக்கொள்வதால், எண்ணை அழுத்துவதும் துண்டிப்பதுமாக வாரங்கள் கழிகின்றன. உண்மையில் வாட்ஸ்அப்பில் இவ்வளவு அனுப்பினாலே போதும்: "வணக்கம். எனக்கு 29 வயது. சில மாதங்களாக வேலை விஷயத்தில் பதற்றம் அதிகமாக இருக்கிறது. முதன்முறையாக ஆலோசனைக்கு வர விரும்புகிறேன். அடுத்த வாரம் மாலை நேரம் கிடைக்குமா? ஓர் அமர்வுக்குக் கட்டணம் எவ்வளவு?"

பதில் வந்தபின் அமர்வு எவ்வளவு நேரம், வர முடியாமல் போனால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும், ஆன்லைனில் பேச முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெண் ஆலோசகரோ ஆண் ஆலோசகரோ வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் கூசாமல் சொல்லலாம். மாணவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும், கேட்டால் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

படி 3: வீட்டில் யாருக்குச் சொல்வது என்று முடிவெடுங்கள்

எல்லோருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நம்பிக்கையான ஒருவருக்குத் தெரிந்திருந்தால் நல்லது, அவ்வளவே. சிறிய ஊர்களில் கிளினிக் வாசலில் வண்டி நிற்பதைப் பார்த்தே கதை கட்டிவிடுவார்கள் என்ற பயம் அடிப்படை இல்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்கள் பக்கத்து ஊரில் இருப்பவரிடம் செல்லலாம், அல்லது ஆன்லைனைத் தேர்ந்தெடுக்கலாம். ஆன்லைன் என்றால் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் அது கிடைக்காதபோது மொட்டை மாடியிலோ நிறுத்திய காரிலோ அமர்ந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். யாராவது திடீரென்று வந்துவிட்டால் பேச்சை மாற்றுவதற்கு, "ஃபைலை நாளைக்கு அனுப்புகிறேன்" என்பது போன்ற ஒரு வாக்கியத்தை ஆலோசகருடன் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: முதல் அமர்வு

அமர்வு வழக்கமாக 45 முதல் 60 நிமிடம் வரை நடக்கும். முதலில் ஓர் ஒப்புதல் படிவம் தருவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படியுங்கள், குறிப்பாக ரகசியம் காப்பது பற்றிய பகுதியை. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017இன் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை அவருடைய உரிமை என்கிறது. அதற்கு விலக்குகளும் இருக்கின்றன: உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து இருக்கும்போதும், நீதிமன்றம் ஆணையிடும்போதும், 18 வயது நிரம்பாத ஒருவர் மீது பாலியல் வன்முறை நடப்பது தெரியவரும்போதும் ஆலோசகர் உரியவர்களிடம் தெரிவிக்க வேண்டியிருக்கும். இந்த எல்லைகளை அவராகவே சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

அடுத்து வருபவை பொதுவான கேள்விகள். தூக்கம், பசி, வேலை, குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள், முன்பு ஏதேனும் சிகிச்சை எடுத்தீர்களா என்று கேட்பார்கள். சிலர் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தருவார்கள். கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொந்தரவும் எவ்வளவு அடிக்கடி இருந்தது என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் குறிக்க வேண்டும், அதிகபட்ச மொத்த மதிப்பெண் 27. இது பரீட்சை அன்று. சில வாரங்கள் கழித்து மீண்டும் நிரப்பும்போது மாற்றம் தெரிவதற்காக எடுத்துவைக்கும் கணக்கு. தற்கொலை எண்ணம் உண்டா என்ற கேள்வியும் வரும். உங்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கேட்பதாக எண்ண வேண்டாம், வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதுதான். முன்பு முயன்றதைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைப்பவர்கள் உண்டு. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்று மேற்சொன்ன சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது.

எந்தக் கேள்விக்கும் "இதை இப்போது பேச விரும்பவில்லை" என்று பதில் சொல்லலாம். இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: மனத்தின் மிக ஆழத்தில் இருப்பதை முதல் நாளே கொட்டிவிட வேண்டாம். எதிரில் இருப்பவர் எப்படிக் கேட்கிறார் என்று பார்ப்பதற்கும் அந்த முதல் அமர்வு உங்களுக்குப் பயன்பட வேண்டும். அழுகை வந்தால் அழலாம். மேசையில் டிஷ்யூ பெட்டி இருப்பது அதற்குத்தான். பேச்சு நின்றுபோய் அமைதியாக இருக்க நேர்ந்தாலும் அதை நீங்கள் நிரப்பியாக வேண்டியதில்லை.

அம்மாவோ கணவரோ உடன் வந்து, உங்களுக்குப் பதிலாகத் தாங்களே எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லத் தொடங்குவது நம்மிடையே சகஜம். "சாப்பாடே சரியா சாப்பிடறதில்ல மேடம், எந்நேரமும் போனுதான்" என்று அவர் சொல்லிக்கொண்டே போக, சம்பந்தப்பட்டவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல ஆலோசகர் சிறிது நேரம் கேட்டுக்கொண்டு, உடன் வந்தவரை வெளியே அமரச் சொல்வார். சொல்லவில்லை என்றால், "நான் தனியாகப் பேச வேண்டும்" என்று நீங்கள் கேட்கலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவைப்படும். அவர்களுக்கும் தனியாகப் பேச நேரம் ஒதுக்குவதே முறை.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நாற்பது நிமிடம் அலுவலகத்தைப் பற்றியே பேசியவர், எழுந்து வாசலில் செருப்பை மாட்டும்போது, "இன்னொண்ணு மேடம், அப்பா போனதுல இருந்துதான் இப்படி" என்பார். முக்கியமானதைக் கடைசி நிமிடத்தில் சொல்லிவிட்டோமே என்று வருந்த வேண்டாம். ஆலோசகர் அதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த அமர்வை அங்கிருந்தே தொடங்குவார்.

படி 5: அன்று மாலை

களைப்பாக இருக்கும், சிலருக்குத் தலை வலிக்கும், தேவையில்லாமல் பேசிவிட்டோமோ என்றும் தோன்றும். இதை வைத்து கவுன்சிலிங் ஒத்துவரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். முடிந்தால் அன்று வேறு பெரிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் "என்ன சொன்னாங்க?" என்று கேட்டால், "அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்காங்க" என்பது போதும்.

படி 6: இரண்டாவது, மூன்றாவது அமர்வுகளில் பொருத்தம் பாருங்கள்

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் எழுதிய கட்டுரையில், சிகிச்சையாளருக்கும் வருபவருக்கும் இடையிலான உறவை மூன்று கூறுகளாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்காக என்ன செய்கிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே ஒரு பிணைப்பு. மூன்றாவது அமர்வின் முடிவில் இந்த மூன்றையும் உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். பிணைப்பு இருந்து, எதற்காக வருகிறோம் என்பது மட்டும் புரியவில்லை என்றால் அதை அவரிடமே கேளுங்கள். இன்னும் எத்தனை அமர்வுகள் தேவைப்படலாம் என்றும் கேளுங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பார்க்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற முறைகள் பெரும்பாலும் 20 அமர்வுகளுக்குள் திட்டமிடப்படுகின்றன. முடிவே தெரியாமல் வாரா வாரம் பணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சில விஷயங்களுக்கு மட்டும் காத்திருக்காமல் விலகிவிடுங்கள். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று தீர்ப்புச் சொல்பவர், சாதியையோ மதத்தையோ முன்வைத்து உபதேசம் செய்பவர், மற்றொருவர் கதையை அடையாளம் தெரியும்படி உங்களிடம் சொல்பவர், வெளியே நட்பாகச் சந்திக்க அழைப்பவர், இத்தனை நாளில் குணப்படுத்திவிடுவேன் என்று உறுதி தருபவர் ஆகியோரிடம் மூன்றாவது அமர்வு வரை பொறுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

அத்தகைய குறை எதுவும் இல்லாமல், வெறுமனே ஒத்துப்போகவில்லை என்றாலும் ஆலோசகரை மாற்றலாம். "இனி வேறொருவரிடம் தொடர நினைக்கிறேன், இதுவரை பார்த்ததற்கு நன்றி" என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பல அமர்வுகள் சென்ற பிறகு நிறுத்த நினைப்பவர்கள் மட்டும், சொல்லாமல் நின்றுவிடாமல் ஓர் அமர்வுக்கு முன்னதாகத் தெரிவித்துவிடுங்கள். மீண்டும் தூக்கம் கெட்டால் எதை முதலில் கவனிக்க வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும் என்பதை அந்தக் கடைசி அமர்வில் பேசிக் குறித்துக்கொள்ளலாம்.